பெயரில் நின்ற வேலி

நவம்பர் மாதத்துக் கடைசி வியாழக்கிழமை. இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில், ஷெர்வுட் காட்டுப் பகுதிக்குக் கிழக்கே, லாக்ஸ்டன் என்ற சிற்றூரின் கோதுமை வயலில் பன்னிரண்டு பேர் நடந்துகொண்டிருக்கிறார்கள். கனத்த களிமண் பூமி அது. மழையில் ஊறிய மண் காலணியோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. பத்தடி வைப்பதற்குள் கால் கனத்துப் போகிறது. கோதுமை இப்போதுதான் முளைத்து விரற்கடை உயரம் நிற்கிறது. அந்த வயலில் பல குடும்பங்களின் நிலம் நீளநீளப் பட்டைகளாக அடுத்தடுத்துக் கிடக்கிறது. இடையே வேலி இல்லை, சுவர் இல்லை, முள்கம்பி இல்லை. ஒருவர் பட்டை எங்கே முடிகிறது, அடுத்தவர் பட்டை எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்வதற்குப் பட்டையின் தலைமாட்டில் மண்ணில் இறக்கிய ஒரு மரமுளை, அவ்வளவுதான்.

அப்படி ஒரு முளை சாய்ந்திருந்தால் நிற்கிறார்கள். டிராக்டரின் சக்கரம் உரசியதோ, ஈரத்தில் தானே சாய்ந்ததோ, அது முக்கியமில்லை. ஒருவர் முளைக்கு நேராக நின்று மறுகோடியைப் பார்க்கிறார். கலப்பை விட்டுப்போன கோட்டைக் கண் தொடர்ந்து போகிறது. உழுதவர் ஒரு சால் அகலம், ஒரே ஒரு சால், பக்கத்துப் பட்டைக்குள் நகர்ந்திருந்தாலும் அந்தப் பார்வைக்குத் தப்பாது. பழைய முளையைப் பிடுங்கிப் புதியதை அதே இடத்தில் சம்மட்டியால் இறக்குகிறார்கள். நம் மொழியில் முளை என்ற ஒரே சொல் விதையிலிருந்து எழுவதற்கும் மண்ணில் அடித்து இறக்குவதற்கும் வழங்குகிறது. மேலே வரும் முளையும் கீழே போகும் முளையும் ஒரே வயலில், ஒரே ஈரத்தில் ஒன்றுக்கொன்று துணையாக நிற்பதை அங்கே காணலாம்.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஊர்க் குடியானவர்கள். அவர்களுக்கு ஜூரி என்று பெயர். ஒரு வாரம் கழித்து, ஊர்நடுவில் உள்ள டவ்கோட் என்ற விடுதியில் கோர்ட் லீட் என்னும் ஊர்மன்றம் கூடும். யார் பாதையை உழுதார், யார் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டார், யார் புல்தரைக்குள் கலப்பையை ஏற்றினார் என்பது அங்கே சொல்லப்படும், அபராதம் விதிக்கப்படும். தொகை சிறியதுதான். ஆனால் அது அண்டை வீட்டாரின் முன்னால், அவர்கள் வாயாலேயே சொல்லப்படுகிறது. அந்தக் கனத்தைக் காசில் அளக்க முடியாது.

இந்த ஊரின் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்பது வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். பிறந்த நாளிலிருந்து நாம் சொல்லிவரும் ஊர்ப்பெயரின் பொருளை நம்மில் பலர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே அதில் வாழ்கிறோம். அதைச் சொல்லியே நம்மை யாரென்று அறிவிக்கிறோம். நாம் பிறப்பதற்கு முன்பே நமக்காகக் காத்திருந்த சொல் அது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறையாவது திறந்து பார்ப்பது, நம்மைத் தாங்கும் தரையை ஒருமுறை குனிந்து தொட்டுப் பார்ப்பது போன்றது.

1086இல் வெற்றிவேந்தன் வில்லியம் எடுப்பித்த டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கில் இந்த ஊர் இருக்கிறது. அன்று அதன் பெயர் லாக்ஸின்டூன் என்பதுபோல ஒலித்தது. டோகி என்பவனுக்கு உரியதாக இருந்த ஊர், நார்மன் படையெடுப்புக்குப் பின் ஜெஃப்ரி அல்செலின் என்ற பிரபுவின் கைக்குப் போயிருந்தது. ஊர்ப்பெயர் ஆராய்வோர் அந்தச் சொல்லை மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதலில் லெயாக்ஸா, ஒரு மனிதனின் பெயர். அடுத்து இங், ‘அவனோடு தொடர்புடைய’ என்று பொருள்படும் சிறு இடைச்சொல். கடைசியில் டூன். லெயாக்ஸாவோடு தொடர்புடைய பண்ணை, அவனைச் சேர்ந்தோரின் குடியிருப்பு என்பது மொத்தப் பொருள். அவன் அரசனல்லன், துறவியல்லன். என்றோ ஒருநாள் அந்தக் களிமண்ணில் கலப்பையை வைத்தவனாக இருக்க வேண்டும். கோட்டை கட்டியவர்களின் மண்மேடு இன்று ஊருக்கு வடக்கே புல் மூடிக் கிடக்கிறது. அவன் பெயரை மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் பால்காரரும் தபால்காரரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

காதுக்கு வேறு பொருள்களும் வந்து மோதுகின்றன. பழைய ஆங்கிலத்தில் லெயாக்ஸ் என்றால் சால்மன் மீன். இன்றைய ஆங்கிலக் காதுக்கோ லாக்ஸ் என்பது தளர்வு, கண்டிப்பின்மை என்று கேட்கும். ஆண்டுதோறும் ஒரு சால் அகலத்துக்கும் கணக்குக் கேட்கிற ஊருக்குத் தளர்வூர் என்ற ஒலி பொருந்தவே பொருந்தாது. ஒலியை நம்பிப் பொருள் சொன்னால் நாம் அடிக்கடி ஏமாறுவோம். மனிதர்களைப் பற்றியும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பெயரின் ஓசையைக் கேட்டோம், அவர்கள் வாழும் முறையைப் போய்ப் பார்க்கவில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அந்த மூன்றாவது துண்டுதான். டூன். இன்று ஆங்கிலத்தில் நகரத்தைக் குறிக்கும் டவுன் என்ற சொல் இதன் வழித்தோன்றல். ஆனால் அதன் ஆதிப்பொருள் நகரமும் இல்லை, ஊரும் இல்லை, வேலி. வளைத்து அடைக்கப்பட்ட இடம். அதே வேரிலிருந்து பிறந்த சொல் ஜெர்மன் மொழியில் இன்றும் வேலியையே குறிக்கிறது. டச்சு மொழியில் அது தோட்டமாகிவிட்டது. முதலில் வேலி, பிறகு வேலிக்குள் இருக்கும் முற்றம், பிறகு முற்றத்தைச் சுற்றிய வீடுகள், பிறகு ஊர் என்று சொல் தன் வேலியைத் தானே தாண்டி வளர்ந்திருக்கிறது. இது நமக்கு அந்நியமான பயணமில்லை. ஆடுமாடு அடைக்கும் பட்டி நம் ஊர்ப்பெயர்களின் ஈறாகி எத்தனையோ பட்டிகளாக நிற்கிறது. தஞ்சைப் பக்கத்தில் வேலி என்பதே நில அளவையாகி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பரப்பைக் குறித்தது. மனிதன் நிலத்தில் முதலில் செய்தது அடைத்தல் என்று இந்தச் சொற்கள் சாட்சி சொல்கின்றன.

அப்படியானால் லாக்ஸ்டன் என்ற பெயரின் ஈற்றில் ஒரு வேலி நிற்கிறது. ஆனால் இங்கிலாந்து முழுவதும் வயல்கள் வேலியிட்டு அடைக்கப்பட்ட காலத்தில், அடைபடாமல் மிஞ்சிய ஊர் என்றே இன்று அது அறியப்படுகிறது. மூன்று பெரிய திறந்த வயல்களும், அவற்றை நடத்தும் ஊர்மன்றமும் ஒருசேர இன்றுவரை உயிரோடு இருப்பது அங்கேதான். பெயர் ஒன்றைச் சொல்ல, வாழ்வு அதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. இந்த முரண்பாட்டை விளையாட்டாக எடுத்துக்கொண்டு கடந்துபோக மனம் வரவில்லை.

திறந்த வயல் என்பது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் பொதுவான வழக்கம். ஊரைச் சுற்றி இரண்டோ மூன்றோ பெரும் வயல்கள். ஒவ்வொரு குடியானவனுக்கும் ஒவ்வொரு வயலிலும் சிதறலாகப் பட்டைகள். நல்ல மண்ணும் நொய்ந்த மண்ணும், மேடும் பள்ளமும், எல்லோர் பங்கிலும் கலந்து விழும். பட்டையின் நீளம், எருதுகள் மூச்சு வாங்க நிற்காமல் ஒரு சால் இழுத்துப்போகும் தூரம். சாலின் நீளம் என்ற பொருளில் அதற்கு வைத்த பெயர்தான் பர்லாங். நம் பாட்டன்மார் சாலையோரக் கல்லைப் பார்த்து இன்னும் இரண்டு பர்லாங் என்று சொல்லி நடந்தார்களே, அந்தப் பர்லாங். ஒரு பர்லாங் நீளமும் அதில் பத்தில் ஒரு பங்கு அகலமும் கொண்டது ஏக்கர். ஒரு சோடி ஏர் ஒரு நாளில் உழும் பரப்பு என்று அதைச் சொல்வார்கள். சொல்லின் மூலப்பொருள் வெறும் ‘வயல்’. நம் பத்திரங்களில் நாம் எழுதிக்கொண்டிருக்கும் அளவைகளில் முகமறியாத இங்கிலாந்து எருதுகளின் மூச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த வயல்கள் நமக்கு முற்றிலும் அயலானவை அல்ல. அவற்றின் மொழியில் நாம் நெடுங்காலமாக நம் மண்ணை அளந்துவந்திருக்கிறோம்.

லாக்ஸ்டனின் மூன்று வயல்களுக்கு மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று பெயர். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதில் ஓய்வு. அடுத்த ஆண்டு ஒரு சுற்று நகரும். இக்காலத்தில் ஓய்வு வயலில் தீவனப் புல் விதைப்பதுண்டு. ஆனாலும் இந்தச் சுற்றை ஒருவர் தனியாக மீற முடியாது. என் பட்டை, என் உழைப்பு, என் விருப்பம்போல விதைப்பேன் என்று அங்கே யாரும் சொல்ல இயலாது. பக்கத்துப் பட்டை உறங்கும்போது என் பட்டையும் உறங்க வேண்டும். உழ முடியாத ஈரப்பாங்கான இடங்கள் சைக் என்ற பெயரில் பொதுப் புல்தரையாக விடப்பட்டிருக்கின்றன. அந்தப் புல் ஆண்டுதோறும் ஏலம் விடப்படும். கலப்பை தொடாததால் வேறெங்கும் அருகிப்போன காட்டுப்பூக்கள் அந்தத் துண்டுகளில் இன்னும் பூக்கின்றன.

பிற ஊர்களில் இது எப்படி மறைந்தது என்பது பெரிய கதை, துயரமான கதையும்கூட. 1604க்கும் 1914க்கும் இடையில் நாடாளுமன்றம் 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை இயற்றியது. அவை ஏறத்தாழ 68 லட்சம் ஏக்கரைத் தொட்டன. இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சிதறிய பட்டைகளைத் தொகுத்து ஒருவருக்கு ஒரே இடத்தில் கொடுப்பது, சுற்றி முட்செடி வேலி நடுவது, பொதுமேய்ச்சலைப் பங்குபோட்டுத் தனியாருடையதாக்குவது. விளைச்சலைக் கூட்டும் ஏற்பாடு என்று அதற்கு வாதாடியவர்கள் சொன்னார்கள். அந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பொதுநிலத்தில் ஒரு பசுவைக் கட்டிப் பிழைத்த ஏழைக்கு, அந்தப் பசுவை நிறுத்த ஓர் இடம் இல்லாமல் போயிற்று. ஊர்நடுவில் இருந்த பண்ணைவீடுகள் தத்தம் வேலிக்குள் தள்ளிப் போயின. ஒருவர் முகம் ஒருவருக்கு நாள்தோறும் தெரிந்துகொண்டிருந்த வாழ்வு கலைந்தது. ஹெல்ப்ஸ்டன் என்ற ஊரில் கூலிக்காரர் மகனாகப் பிறந்த ஜான் கிளேர் என்ற கவிஞர், 1809இல் தன் ஊருக்கு அடைப்புச் சட்டம் வந்ததையும், தான் ஓடித் திரிந்த வெளி கண்ணெதிரே மூடப்பட்டதையும் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. அவர் 1864இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார். ஒரு மனிதனின் மனம் சிதைவதற்குப் பல காரணங்கள் உண்டு. வேலியை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. ஆனாலும் நடந்து பழகிய வழி ஒருநாள் காலையில் தனக்கு உரியதல்ல என்று அறிவிக்கப்படும்போது, மனிதனுக்குள்ளும் ஏதோ ஒரு வழி அடைபடுகிறது என்பதை நாம் எல்லோரும் ஏதாவது ஒரு வகையில் அறிவோம்.

லாக்ஸ்டன் மட்டும் தப்பியது அதன் மக்கள் மற்றவர்களைவிட ஞானிகளாக இருந்ததால் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படிச் சொன்னால் அது உண்மையாகாது. அங்கேயும் நிலத்தின் ஒரு பகுதி அடைக்கப்பட்டது. நிலக்கிழார்களின் ஏற்பாடுகள் இழுபட்டுக்கொண்டே போக, 1870களில் தொடங்கிய வேளாண் மந்தம் வேலிபோடும் உற்சாகத்தையே வற்றச்செய்தது. காலம் நழுவவிட்டது, அந்த நழுவலில் ஓர் ஊர் பிழைத்தது. உலகில் காக்கப்பட்டவை எல்லாம் காக்க வேண்டும் என்ற முடிவால் காக்கப்பட்டவை அல்ல. பல நல்ல பொருள்கள் யாரோ ஒருவரின் தாமதத்தால் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஆனால் தாமதத்தால் கிடைத்ததை அறிவால் வைத்துக்கொள்ள வேண்டிய நாள் ஒன்று வரத்தான் செய்கிறது. லாக்ஸ்டனுக்கு அது 1952இல் வந்தது. ஊரை விற்க நேர்ந்தபோது மான்வர்ஸ் பிரபு குடும்பம் அதை அரசின் வேளாண் அமைச்சகத்திடம் ஒப்படைத்தது. வயல்முறை அழியக்கூடாது என்பதே அதன் நோக்கம். 1981இல் அது கிரௌன் எஸ்டேட்டுக்குப் போயிற்று. 2020இல் மான்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டிடமே திரும்ப வந்தது. நடுவே 1977இல், இங்கிலாந்தின் பழைய ஊர்மன்றங்களின் அதிகாரத்தை ஒரு சட்டம் நீக்கியபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்களித்தது. கேளிக்கைச் சடங்காகவும் ஊர்வலமாகவும் எஞ்சிய மன்றங்கள் பல. உழுத மண்ணைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒரு மன்றம்.

1635ஆம் ஆண்டு மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர் இந்த ஊரை வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பட்டைகள், ஒவ்வொன்றும் அதன் இடத்தில். ஓரங்களில் உழுகிறவர்களும் அறுக்கிறவர்களும் சின்னஞ்சிறு உருவங்களாக நிற்கிறார்கள். அதை வரையச் சொன்னவர் சர் வில்லியம் கோர்ட்டன், லண்டன் பெருவணிகர்; பணம் கொடுத்து ஊரை வாங்கியவர். அதே 1635இல்தான் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாகக் கிழக்குக் கடல்களில் வாணிபம் செய்ய அரசனிடம் உரிமை பெற்றார். அவருடைய கப்பல்கள் அடுத்த ஆண்டு கோவாவை நோக்கிப் புறப்பட்டன. ஒரே மனிதனின் பார்வை ஒருபுறம் லாக்ஸ்டனின் ஒவ்வொரு பட்டையையும் மறுபுறம் நம் கடற்கரையையும் அளந்துகொண்டிருந்தது. மதிப்புப் போடுவதற்காக வரையப்பட்ட படம் அது. இன்று அந்த வணிகரின் செல்வமும் இல்லை, அவருடைய கம்பெனியும் இல்லை. எவருடைய வாழ்வை அவர் விலைக்கணக்காகப் பார்த்தாரோ, அந்த வாழ்வுக்கு அந்தப் படமே ஆவணமாக நிற்கிறது.

இதையெல்லாம் சொல்லும்போது பழைமையை நான் பொன்னாக்கிக் காட்டிவிடக்கூடாது. திறந்த வயல் ஒருகாலத்திலும் சமத்துவ உலகமாக இருந்ததில்லை. பத்துப் பட்டைக்காரனும் இருந்தான், ஒரு பட்டையும் இல்லாதவனும் இருந்தான். எல்லோர் தலைக்குமேலும் ஒரு பிரபு இருந்தார், இன்றும் ஒரு எஸ்டேட் இருக்கிறது. அங்கே எல்லை இருந்தது. எல்லைச் சண்டையும் இருந்தது. சண்டை இல்லாத இடத்தில் மன்றத்துக்கு என்ன வேலை? ஆனாலும் நம்மை யோசிக்க வைக்கும் ஒன்று அங்கே இருக்கிறது. எல்லை வேறு, வேலி வேறு. எல்லை என்பது இது உன்னுடையது, இது என்னுடையது என்று இருவரும் ஒப்புக்கொண்ட ஓர் உடன்பாடு. வேலி என்பது அந்த உடன்பாட்டை இனி நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை என்று செடியிடமோ கம்பியிடமோ அதை ஒப்படைத்துவிடும் ஏற்பாடு. வேலி நட்டவன் நிம்மதியாகத் தூங்கலாம். அண்டை வீட்டானை அவன் நம்ப வேண்டியதில்லை, வெறுக்க வேண்டியதுமில்லை, பார்க்கவே வேண்டியதில்லை. முளை அடித்தவனுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. முளை எதையும் தடுக்காது. ஆட்டை நிறுத்தாது, கலப்பையை நிறுத்தாது, ஒரு சிறுவன் காலால் இடறினாலும் சாயும். அதற்கு வலிமை வருவது அதைப் பார்க்க ஆண்டுதோறும் பன்னிரண்டு பேர் சேற்றில் இறங்கி நடப்பதால் மட்டுமே.

நம் வாழ்வின் உறவுகள் பலவற்றை நாம் வேலியிட்டுக் காக்க முனைகிறோம். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்தானதும் உடன்பிறந்தார் ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பது குறைகிறது. எல்லாம் தீர்ந்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்கிறோம். தீர்ந்தது வழக்கா, பேச்சா என்று நின்று பார்ப்பதில்லை. ஒருமுறை எழுதி முத்திரையிட்டு மூடிவைத்தால் நீதி அங்கேயே நிலைத்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால் நீதி என்பது ஒருமுறை கட்டிவிட்டுப் போகும் சுவராக அல்லாமல், மழைக்குப் பின்னும் உழவுக்குப் பின்னும் சென்று சரிபார்த்து, சாய்ந்ததை நிமிர்த்தி, நகர்ந்ததைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, அப்படிக் கொண்டுவரும்போது எதிரில் நிற்பவன் அயலானல்லன், நாளை அறுவடைக்கு அருகில் நிற்கப் போகிறவன் என்பதை மறவாமல், தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டே இருக்க வேண்டிய ஒரு வேலையாக இருக்குமானால், அந்த வேலையை நிறுத்திய நாளிலேயே எவ்வளவு உயரமான வேலியும் உள்ளிருந்து உளுத்துப்போகத் தொடங்குகிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

பெயருக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். பெயரும் ஒரு முளைதான். வாழ்வைப் பிடித்து நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை. மண் அசையும்போது அதுவும் அசையும். லாக்ஸ்டனின் பெயரே அதற்குச் சான்று. இடைக்காலத்தில் அது லெக்ஸிங்டன் என்றும் வழங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பெயரைச் சுமந்த சகோதரர்கள் பெரும் பதவிகளில் இருந்தார்கள். ஒருவர் அரசனின் நீதிபதி, ஒருவர் லிங்கன் நகர ஆயர், ஒருவர் பிரான்சில் கிளேர்வோ மடத்தின் தலைவர். பின்னாளில் சட்டன் குடும்பத்தார் லெக்ஸிங்டன் பிரபு என்ற பட்டத்தை அந்தப் பெயரிலிருந்தே பெற்றார்கள். 1713இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஒரு குடியிருப்புக்கு லெக்ஸிங்டன் என்று பெயரிட்டார்கள். அந்தப் பிரபுவை ஒட்டி என்பார் சிலர், நேரே இந்த ஊரை ஒட்டி என்பார் வேறு சிலர். அந்த ஊரின் பொதுத்திடலில், 1775 ஏப்ரல் 19ஆம் நாள் விடியலில் எட்டுப் பேர் ஆங்கிலேயப் படையின் குண்டுகளுக்கு இரையானார்கள். அமெரிக்க விடுதலைப் போர் அங்கே மூண்டது. செய்தி கேட்ட கென்டக்கிக் காட்டில் மற்றொரு லெக்ஸிங்டன் பிறந்தது. பிறகு விமானந்தாங்கிக் கப்பலுக்கும் அந்தப் பெயர் வைத்தார்கள். 1942இல் பவளக் கடல் போரில் அது மூழ்கியது. களிமண்ணில் கலப்பை வைத்த லெயாக்ஸாவின் பெயர் பசிபிக் கடலின் அடியில் கிடக்கிறது.

இதில் சிறியதாக ஒன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. கடல்கடந்துபோன பெயரில் அந்த நடுத்துண்டு, ‘இங்’, அப்படியே இருக்கிறது. தொடர்புடைய, சேர்ந்த, உறவான என்று பொருள்படும் அந்த இடைச்சொல். இருந்த இடத்திலேயே இருந்த ஊரின் பெயரில் அது தேய்ந்து உதிர்ந்துவிட்டது. லாக்ஸ்டன் என்று சொல்லும்போது மனிதனும் வேலியும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். இருவரையும் இணைத்த உறவு ஒலியில் இல்லை. ஆனால் எந்த ஊரின் பெயரிலிருந்து உறவு உதிர்ந்ததோ அந்த ஊரில்தான், எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாக ஒருவர் விதைப்பது மற்றவர் விதைப்பதோடு பின்னிக்கிடக்கிறது. சொல்லில் இருந்து போனது வாழ்விலே தங்கியது. வாழ்விலிருந்து போனது எத்தனையோ இடங்களில் சொல்லாக மட்டும் தங்கியிருக்கிறது. பெயரின் பொருளைத் தேடி அகராதிக்குள் போகிறவர்கள் திரும்பி வரும்போது வயல்வழியாக வர வேண்டியிருப்பது இதனால்தான். ‘டூன்’ என்பது வேலி என்று அகராதி சொல்கிறது. எந்த வேலி என்று அது சொல்வதில்லை. வெளியே இருப்பவனை நிறுத்துவதற்காக நட்டதா, உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிடாமல் இருப்பதற்காக வளைத்ததா என்ற கேள்விக்கு விடை, அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்களின் கையில் விடப்பட்டிருக்கிறது.

பொழுது சாயச்சாய ஜூரிகள் வயலைவிட்டு ஏறுகிறார்கள். அந்த ஊரின் பண்ணைவீடுகள் இன்றும் வயலுக்குள் இல்லை. தெருவின் இருபுறமும் முகப்பைத் தெருவுக்குக் காட்டாமல் பக்கச் சுவரைக் காட்டிக்கொண்டு நெருங்கி நிற்கின்றன. காலணியில் ஒட்டிய மண்ணை வாசல் இரும்பில் வழித்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் கோதுமை வேறு வயலில் இருக்கும். நடையும் அந்த வயலில்தான். இன்று சம்மட்டி பட்டு இறங்கிய முளையை மறுபடி பார்க்க மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை கோதுமை முற்றி அறுபடும், வேறு பயிர் வரும், நிலம் ஒரு பருவம் ஓய்ந்து கிடக்கும். இரண்டு பக்கத்துக் கலப்பைகளும் அதற்கு ஒரு சாண் தள்ளிப் பலமுறை திரும்பும்.